இறக்கை வேல்ஸில், வால் ஸ்பெயினில்

ஒரே விமானத்தைப் பல நாடுகள் பங்கு பிரித்துக் கட்டுவது ஏன்? அந்தப் பங்கீடு எங்கே ஜெயித்தது, எங்கே தோற்றது?

2022 ஜூலையில் சென்னை விமான நிலையத்தில் ஒரு விசித்திர விமானம் இறங்கியது. புடைத்த தலையும் தாழ்ந்த மூக்குமாக, வெள்ளைத் திமிங்கலத்துக்கு இறக்கை முளைத்த மாதிரி ஓர் உருவம். எரிபொருள் நிரப்பிக்கொண்டு கிழக்கே பறந்துபோனது. செய்தித்தாள்கள் படம் போட்டன, ஜனங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள், அத்தோடு மறந்தும் போனார்கள். ஏர்பஸ் நிறுவனத்தின் 'பெலுகா' விமானம் அது. அந்த நாளில் அது வாடகைச் சரக்கு ஏற்றும் உபதொழிலில் இருந்தது. அது கட்டப்பட்ட காரணம் வேறு. பிற விமானங்களின் உடலையும் இறக்கையையும் வாலையும் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை, நாட்டுக்கு நாடு சுமந்து போவதுதான் அதன் நிஜ வேலை. 1994இல் முதலாவது பெலுகா பறந்தது. மொத்தம் ஐந்து செய்தார்கள். அவற்றுக்கு வயதானதும் 'பெலுகா எக்ஸ்எல்' என்று இன்னும் பெரிதாக ஆறு செய்துகொண்டார்கள்.

விமானம் செய்வதற்கே தனியாக ஒரு விமானப் படை வேண்டியிருக்கிறது என்றால், அந்தத் தொழில் எப்படிப்பட்டதாக இருக்கும்?

நம் ஊரில் இண்டிகோவில் ஏறி டெல்லிக்கோ மும்பைக்கோ போகிறவர் பெரும்பாலும் உட்காருவது ஏ320 குடும்பத்து விமானத்தில். அதன் மூக்கும் முன் உடலும் பிரான்ஸின் அட்லாண்டிக் கரையில் உள்ள சான் நசேரிலிருந்து வருகின்றன. பின் உடல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் தயாராகிறது. இறக்கைகள் இரண்டும் வேல்ஸில் இருக்கும் ப்ராட்டன் தொழிற்சாலையின் வேலை. நிமிர்ந்து நிற்கும் வால் ஹாம்பர்க்குக்குப் பக்கத்து ஊரான ஸ்டாடேயிலிருந்தும், இரு பக்கமும் நீளும் கிடைவால் ஸ்பெயினில் மாட்ரிட்டை ஒட்டிய ஹெதாஃபேயிலிருந்தும் வரும். இறக்கை இரண்டையும் உடலோடு பிடித்துக்கொள்ளும் நடுப்பெட்டி பிரான்ஸின் நாண்ட் நகரத்துச் சரக்கு. என்ஜினிலாவது ஒரே நாட்டு முத்திரை இருக்குமா என்றால் அதுவும் இல்லை. சிஎஃப்எம் என்ஜின் அமெரிக்காவின் ஜிஇயும் பிரான்ஸின் சஃப்ரானும் பாதிக்குப் பாதி கூட்டு.

இத்தனையும் துலூஸிலோ ஹாம்பர்க்கிலோ வேறு இரண்டு ஊர்களிலோ (அவை பின்னால் வரும்) ஒன்றுசேர்கின்றன. உடல் இன்னும் வெறும் பூச்சோடு நிற்கும்போது, வால் மட்டும் விமான நிறுவனத்தின் வண்ணத்தைப் பூசிக்கொண்டே வந்து ஏறும். யாருக்குப் போகும் விமானம் என்று மற்றவர்கள் வாலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.

இதையும் மிஞ்சுவது ஏ350 விமானத்தின் இறக்கை. ஒவ்வொன்றும் 32 மீட்டர் நீளம், கார்பன் இழையால் ஆனது. அதன் மேல் தோல் ஜெர்மனியின் ஸ்டாடேயில் தயாராகிறது. கீழ்த் தோல் ஸ்பெயினின் இயேஸ்காஸ் ஊரில். இரண்டும் வேல்ஸுக்குப் பறந்து வந்து ப்ராட்டனில் இறக்கையாகச் சேர்கின்றன. வேலை முடிந்ததா என்றால், இல்லை. மறுபடி பெலுகாவில் ஏறி ஜெர்மனியின் பிரேமனுக்குப் போய் மடிப்புத் தகடுகளை மாட்டிக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம்தான் துலூஸ். ஒரு பயணியைக்கூட ஏற்றுவதற்கு முன்பே அந்த இறக்கை நான்கு நாடுகளைப் பார்த்துவிடுகிறது. பழைய பெலுகாவில் இந்த இறக்கை ஒன்றுதான் கொள்ளும். எக்ஸ்எல்லில் ஜோடியாகப் போகும். அதற்காகவே அதைப் பெரிதாக்கினார்கள்.

கணக்குப் பார்க்கிற எந்த முதலாளியும் வெள்ளைத் தாளை எடுத்து வைத்து இப்படி ஒரு தொழிற்சாலையை வரைய மாட்டான். இதை வரைந்தவர்கள் அமைச்சர்கள்.

பங்கு பிரித்த கதை

1960களில் ஐரோப்பிய விமானக் கம்பெனிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நல்ல விமானம் செய்துகொண்டிருந்தன, தனித்தனியாக நஷ்டமும் பட்டுக்கொண்டிருந்தன. போயிங், டக்ளஸ், லாக்ஹீட் என்ற அமெரிக்கக் கம்பெனிகளுக்குச் சொந்த நாட்டுச் சந்தையே போதும். பிரான்ஸுக்கோ ஜெர்மனிக்கோ அப்படி இல்லை. புது விமானம் ஒன்றை உருவாக்கும் செலவை ஒற்றைக் கஜானா தாங்காது. கூட்டுச் சேர்வதைத் தவிர வழி இல்லை. கூட்டுச் சேர்ந்தால், பணம் போட்ட ஒவ்வொரு அரசும் தன் ஊர்க்காரனுக்கு வேலை கேட்கும்.

1969 மே 29 அன்று பாரிஸுக்கு அருகே லெ பூர்ஜே விமானக் கண்காட்சியில் பிரான்ஸின் போக்குவரத்து அமைச்சர் ழான் ஷமாவும் மேற்கு ஜெர்மனியின் பொருளாதார அமைச்சர் கார்ல் ஷில்லரும் ஏ300 விமானத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். பிரிட்டன் அரசு அதற்கு முந்தைய மாதமே இந்த விமானம் விலைபோகாது என்று கழன்றுகொண்டிருந்தது. ஆனால் ஹாக்கர் சிட்லி என்ற பிரிட்டிஷ் கம்பெனி கழன்றுகொள்ளவில்லை. இறக்கை வடிவமைப்பில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, இது மற்ற இரு தரப்புக்கும் தெரியும். தன் கைப் பணத்தோடு ஜெர்மன் உதவியையும் சேர்த்து அந்தக் கம்பெனி இறக்கை வேலையைத் தக்கவைத்துக்கொண்டது. அரசு வெளியேறிய பிறகும் இறக்கை வேல்ஸிலேயே நின்றது இப்படித்தான். பிரிட்டன் 1979இல், 20 சதவீதப் பங்கோடு கூட்டுக்குத் திரும்பி வந்தது. பிரான்ஸுக்கும் ஜெர்மனிக்கும் தலா 37.9 சதவீதம், ஸ்பெயினுக்கு 4.2. தசமப் புள்ளி வரை இறங்கிப் பேசியிருக்கிறார்கள் என்றால், கல்யாணத்தில் சம்பந்திகள் சீர் பேசி முடிப்பதைப் போலத்தான் நடந்திருக்க வேண்டும்.

எந்தத் துண்டு யாருக்கு என்று கூறு போட்டவர்களில் முக்கியமானவர் பிரெஞ்சுப் பொறியாளர் ரோஜே பெத்தேய். காக்பிட்டும் பறப்புக் கட்டுப்பாடும் பிரான்ஸுக்கு, உடலின் பெரும்பகுதி ஜெர்மனிக்கு, இறக்கை பிரிட்டிஷாருக்கு, இறக்கையில் அசையும் பாகங்கள் நெதர்லாந்துக்கு, கிடைவால் ஸ்பெயினுக்கு. பிரிட்டிஷ் அரசு விலகி நின்ற அந்தக் காலத்திலும் வேலைமொழி ஆங்கிலம் என்று தீர்மானித்தவரும் அவர்தான். பிரெஞ்சு அதிகாரிகள் அதை எப்படி விழுங்கினார்களோ!

அவர்கள் கண்ணெதிரே ஒரு பாடமும் இருந்தது. கான்கார்டை பிரிட்டனும் பிரான்ஸும் சேர்ந்து செய்தபோது கௌரவத்துக்காக இரண்டு நாட்டிலும் இறுதிக் கூட்டுத் தளம் வைத்தார்கள். பிரிட்டனின் ஃபில்டனில் ஒன்று, துலூஸில் ஒன்று. செய்ததோ வெறும் 20 விமானம்! ஏ300க்கு ஒரே தளம், அது துலூஸ் என்று முடிவானது.

இதைச் சாத்தியமாக்கியவர் உற்பத்தித் தலைவராக இருந்த ஜெர்மானியர் ஃபெலிக்ஸ் க்ராக்ட். வெறும் கூடுகளை அனுப்பக் கூடாது, ஒயர், குழாய், கருவி எல்லாம் பொருத்திப் பரிசோதித்து முடித்த முழுப் பகுதிகளாகத்தான் ஒவ்வொரு நாடும் அனுப்ப வேண்டும் என்று அவர் வகுத்தார். அப்போதுதான் துலூஸில் மிஞ்சுவது சேர்க்கிற வேலை மட்டுமாக இருக்கும். ஆனால் அத்தனை பெரிய பகுதிகள் சாலையில் போகாது. 'சூப்பர் கப்பி' என்ற பருத்த சரக்கு விமானத்தை அமெரிக்காவிலிருந்து வாங்கினார்கள். அது போயிங்கின் பழைய ஸ்ட்ராட்டோக்ரூஸரை அறுத்து வீங்கவைத்தது. ஏர்பஸ் ஒவ்வொன்றும் போயிங் இறக்கையில் ஏறித்தான் பிறக்கிறது என்று சியாட்டிலின் போயிங்காரர்கள் சிரித்தார்கள். அந்தக் கேலிக்கு முற்றுப்புள்ளி வைக்கத்தான் பெலுகா வந்தது என்று சொன்னால் மிகையாகாது.

ஏ300 1972 அக்டோபரில் பறந்தது. முதல் சில ஆண்டுகள் விற்பனை படுத்துக்கிடந்தது. தாங்கிப் பிடித்த ஆரம்ப வாடிக்கையாளர்களில் நம் இந்தியன் ஏர்லைன்ஸும் ஒன்று.

சில அங்குலம் போதாத ஒயர்

பங்கீடு என்ற ஏற்பாடு தன் எல்லையைத் தொட்டது ஏ380இல். இரண்டு மாடி, 500க்கும் மேற்பட்ட இருக்கை. அதன் உடற்பகுதிகள் பெலுகாவுக்குள்ளும் அடங்காது. எனவே கடல், ஆறு, சாலை என்று ஒரு முழு வழித்தடத்தையே செய்தார்கள்.

வேல்ஸில் தயாரான இறக்கையைப் படகில் ஏற்றி டீ ஆற்றில் இறக்கி மோஸ்டின் துறைமுகத்துக்குக் கொண்டுபோவார்கள். அங்கிருந்து கப்பல். ஹாம்பர்க்கின் உடற்பகுதியும் சான் நசேரின் முன்பகுதியும் ஸ்பெயினின் கிடைவாலும் கடல் வழியே வந்து பிரான்ஸின் போயாக்கில் இறங்கும். உலகப் புகழ்பெற்ற திராட்சை மதுவின் ஊர் அது. அங்கே தட்டைப் படகுக்கு மாறி கரோன் ஆற்றில் எதிர்த்துச் செல்ல வேண்டும். வழியில் போர்தோ நகரத்தின் பழைய கல் பாலம், நெப்போலியன் கட்டச் சொன்னது. அதன் வளைவுக்குள் நுழைய ஆற்றில் நீர்மட்டம் சரியாக இருக்க வேண்டும், ஆகவே கடல் ஏற்ற இறக்கத்தின் நேரம் பார்த்துக் காத்திருப்பார்கள். லாங்கோன் வந்ததும் ஆறு பெரிய டிரெய்லர்களுக்கு மாற்றி, சுமார் 240 கிலோமீட்டர் சாலைப் பயணம். ராத்திரியில் மட்டும்தான் ஓட்டுவார்கள். லெவினியாக் என்ற கிராமத்தின் தெருவில் இரு பக்க வீட்டுச் சுவருக்கும் சரக்குக்கும் நடுவே சாணளவுகூட இடைவெளி இராது. ஊர் ஜனம் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்ததுண்டு.

துலூஸில் கூட்டி முடித்த பிறகும் கதை முடியாது. ஜெர்மனிக்கும் பங்கு வேண்டுமே! உள்ளே இருக்கை பொருத்தவும் வண்ணம் பூசவும் ஒவ்வொரு ஏ380யும் ஹாம்பர்க்குக்குப் பறந்தது.

இந்தக் கப்பல், படகு, டிரெய்லர் வரிசையைப் பார்த்தவர்கள் எல்லாரும் இங்கேதான் எங்காவது சிக்கல் வரும் என்று நினைத்தார்கள். வரவில்லை. சிக்கல் கம்ப்யூட்டரில் வந்தது.

ஒரு ஏ380க்குள் சுமார் 500 கிலோமீட்டர் ஒயர் ஓடுகிறது. ஹாம்பர்க் பொறியாளர்கள் கேட்டியா என்ற வரைபட மென்பொருளின் நான்காம் பதிப்பில் வரைந்தார்கள். துலூஸ்காரர்கள் ஐந்தாம் பதிப்புக்கு மாறியிருந்தார்கள். இரண்டும் ஒரே கம்பெனியின் மென்பொருள்தான், ஆனாலும் ஒன்றின் வரைபடத்தை இன்னொன்று அப்படியே படிக்காது. ஒரு பக்கம் மாற்றிய திருத்தம் மறு பக்கம் சரியாகப் போய்ச் சேரவில்லை. எடை குறைக்க அலுமினிய ஒயர் வைத்தார்கள். அது எவ்வளவு வளையும், எத்தனை இடம் கேட்கும் என்ற கணக்கும் தப்பியது. ஹாம்பர்க்கிலிருந்து ஒயர் பொருத்தி வந்த பகுதிகளைத் துலூஸில் இணைக்கப் பார்த்தால் ஒயர் எட்டவில்லை. சில இடத்தில் சில அங்குலம்தான் குறைவு. ஆனால் விமான ஒயரை ஒட்டுப் போட்டு நீட்ட முடியாது. க்ராக்டின் 'எல்லாம் பொருத்தி அனுப்பு' என்ற விதியே இப்போது கழுத்தைப் பிடித்தது. பொருத்தியதை எல்லாம் பிரிக்க வேண்டியிருந்தது. ஹாம்பர்க்கிலிருந்து நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் துலூஸுக்கு வந்து தங்கி, கையால் ஒயரை உருவி மறுபடி இழுத்தார்கள்.

2006 ஜூனில் தாமதம் அறிவிக்கப்பட்டதும் தாய் நிறுவனமான ஈஏடிஎஸ்ஸின் பங்கு ஒரே நாளில் 26 சதவீதம் விழுந்தது. ஜூலைத் தொடக்கத்தில் ஈஏடிஎஸ் இணைத் தலைவர் நோயெல் ஃபோர்ஜாரும் ஏர்பஸ் தலைவர் குஸ்டாவ் ஹும்பர்ட்டும் பதவி விலகினார்கள். அடுத்து வந்த கிறிஸ்டியன் ஸ்த்ரீஃப் அக்டோபரிலேயே போய்விட்டார். முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கைக்கு வந்தது 2007 அக்டோபரில். 251 விமானங்களோடு 2021இல் உற்பத்தி நின்றது. கரோன் படகுகளுக்கும் அந்த இரவுச் சாலைக்கும் வேலை இல்லாமல் போனது.

எனக்கு இதில் பெரிய விஷயமாகப் படுவது, 240 கிலோமீட்டர் சாலையில் ஜெயித்தவர்கள் இரண்டு மென்பொருள் பதிப்புகளுக்கு நடுவே தோற்றது. அந்த இடைவெளியை யாரும் தன் வேலையாக நினைக்கவில்லை. இறக்கைக்கு ஒரு பொறுப்பாளி, உடலுக்கு ஒரு பொறுப்பாளி இருந்தார்கள். இரண்டும் சேரும் இடத்துக்கு யாரும் இல்லை.

பணத்தை மிச்சம் பிடிக்கப் போய்

இதே காலத்தில் அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம் போயிங் வேறொரு காரணத்துக்காகப் பங்கீட்டில் இறங்கியது. அரசியல் நெருக்கடி எதுவும் அவர்களுக்கு இல்லை. 787 விமானத்தின் முதலீட்டுச் சுமையைப் பாகம் செய்து தரும் நிறுவனங்களின் தலையில் இறக்கிவைக்க நினைத்தார்கள். முன்பெல்லாம் போயிங் வரைந்து கொடுக்கும், வெளியாள் அச்சுப் பிசகாமல் செய்து கொடுப்பான். இப்போது வரைவதையும் நீயே செய், முதலும் நீயே போடு, விமானம் விற்றதும் காசு வாங்கிக்கொள் என்றார்கள். இறக்கை ஜப்பானின் நகோயாவில் மிட்சுபிஷிக்கு, நடு உடல் இத்தாலியின் க்ரோட்டாலியேயில் அலேனியாவுக்கு, பின் உடல் தென் கரோலினாவில் வாட் நிறுவனத்துக்கு. நம் நாக்பூரில் டாடா குழுமத் தொழிற்சாலை தரை உத்தரங்களைச் செய்தது. சுமக்க போயிங்கும் ஒரு திமிங்கலம் செய்துகொண்டது. 747ஐ தைவானில் வீங்கவைத்து 'ட்ரீம்லிஃப்டர்' என்று பெயர் வைத்தார்கள். மொத்தம் நான்கு.

2007 ஜூலை 8ஆம் தேதி அமெரிக்கர்கள் எழுதும் முறையில் 7/8/07. அந்த நாளுக்காகவே அவசரப்பட்டு முதல் 787ஐ வெளியே இழுத்துவந்து கூட்டத்துக்குக் காட்டினார்கள். வெறும் கூடு. தற்காலிக ஆணிகளில் நின்றது, உள்ளே முக்கியக் கருவிகள் இல்லை. விழா முடிந்ததும் உள்ளே தள்ளிப் பிரித்தார்கள். அது பறந்தது 2009 டிசம்பரில், முதல் வாடிக்கையாளரிடம் போனது 2011 செப்டம்பரில். மூன்று ஆண்டுக்கும் மேல் தாமதம். இடையில் திணறிய வாட் தொழிற்சாலையை போயிங்கே விலைக்கு வாங்கிக்கொண்டது.

வேடிக்கை என்னவென்றால், இதை அவர்களுடைய பொறியாளர் ஒருவரே முன்கூட்டிச் சொல்லியிருந்தார். ஜான் ஹார்ட்-ஸ்மித் 2001இல் கம்பெனிக்குள்ளேயே ஒரு கட்டுரை படித்தார். வேலையை வெளியே அனுப்பினால் லாபமும் கூடவே போய்விடும், துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தாதபோது வரும் செலவு மட்டும் கடைசியில் சேர்க்கிறவன் தலையில் விழும் என்பதே அதன் சாரம். கேட்டவர்கள் கேட்காத மாதிரி இருந்துவிட்டார்கள்.

அந்தச் செலவு சில சமயம் பணமாக மட்டும் நிற்பதில்லை. 2024 ஜனவரி 5 அன்று, அமெரிக்காவின் போர்ட்லாண்டிலிருந்து 177 பேரோடு கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸ் 737 மேக்ஸ் விமானத்தில், நடுவானில் கதவு அடைப்பு ஒன்று பெயர்ந்து விழுந்தது. அதன் பூர்வீகத்தை விபத்து விசாரணை வாரியம் தோண்டி எடுத்தது. அடைப்பு, போயிங்குக்கு விமான உடல் செய்து தந்த ஸ்பிரிட் நிறுவனத்தின் மலேசியத் தொழிற்சாலையில் செய்தது. அதே நிறுவனத்தின் விச்சிட்டா தொழிற்சாலையில் உடலில் பொருத்தப்பட்டது. உடல் ரயிலில் ரென்டனில் உள்ள போயிங் தொழிற்சாலைக்கு வந்தது. அங்கே பக்கத்து ரிவெட்டுகள் சரியில்லை என்று தெரிந்து, ஸ்பிரிட்டின் ஆட்கள் அவற்றைச் சரிசெய்ய வசதியாக அடைப்பு திறக்கப்பட்டது. திறந்ததற்கு முறையான பதிவு இல்லை. மூடியபோது நான்கு போல்ட்டுகள் திரும்பப் போடப்படவில்லை. ஒருவன் செய்த பிழையை இன்னொருவன் தளத்தில் திருத்தினார்கள். அடைப்பைத் திறந்தது யார் கணக்கு, மூட வேண்டியது யார் கணக்கு என்பது நடுவில் தொலைந்தது. அதிர்ஷ்டவசமாக யாரும் சாகவில்லை. 2005இல் தான் விற்ற அதே விச்சிட்டா தொழிற்சாலையை போயிங் 2025 டிசம்பரில் திரும்ப வாங்கி முடித்தது.

சீனாவும் அலபாமாவும்

பங்கீட்டை வேண்டாவெறுப்பாகத் தொடங்கிய ஏர்பஸ், இன்று அதையே விற்பனைத் தந்திரமாக்கிவிட்டது. 2008இல் சீனாவின் தியான்ஜினில் ஏ320 கூட்டுத் தளம் திறந்தார்கள், 2015இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மொபீல் நகரில் இன்னொன்று. ஹாம்பர்க்கிலிருந்து பெரிய பகுதிகள் கப்பலில் அட்லாண்டிக்கைத் தாண்டி அங்கே போகின்றன. அங்கேயே பாகங்களைச் செய்து அங்கேயே சேர்ப்பது என்பது இதில் இல்லை. வாங்குகிற நாட்டின் மண்ணில் விமானம் பிறந்தது என்ற பேர் வேண்டும், வரி விதிப்பிலிருந்து ஓரளவு தப்பிக்க வேண்டும். கனடாவின் பொம்பார்டியே வடிவமைத்த சிறு விமானத்தின் மீது 2017இல் அமெரிக்கா 300 சதவீதத்தைத் தொடும் வரி போடப் பார்த்தபோது, அந்தத் திட்டத்தை ஏர்பஸ் கையில் எடுத்து, ஏ220 என்று பெயர் மாற்றி, மொபீலில் அதற்கும் ஒரு தளம் வைத்தது. வழக்குப் போட்ட போயிங்குக்குக் கிடைத்தது ஒரு கூடுதல் போட்டியாளன்தான்.

கவனிக்க வேண்டியது ஒன்று. ஒரு விமானத்தின் மொத்த மதிப்பில் இறுதிக் கூட்டல் சிறு பங்கே. ரிப்பன் வெட்டி, புகைப்படம் எடுத்துக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது என்பதால் அரசியல்வாதிகளுக்கு அதன்மேல் ஆசை. ப்ராட்டனில் யாரும் முழு விமானத்தைப் பார்ப்பதில்லை. இரண்டாம் உலகப் போரில் வெலிங்டன் குண்டுவீச்சு விமானம் ஒன்றை 24 மணி நேரத்துக்குள் கட்டிக்காட்டிய ஊர் அது, இன்று இறக்கை மட்டுமே செய்கிறது. ஆனால் பிரெக்ஸிட் வந்து பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபோதும் அந்த வேலையை வேறு நாட்டுக்கு மாற்ற யாராலும் முடியவில்லை. அரை நூற்றாண்டு இறக்கை அறிவு அந்த ஊரிலும் ஃபில்டன் வடிவமைப்பு அலுவலகத்திலும் உட்கார்ந்திருக்கிறது. 1969இல் அரசே கைவிட்ட பின்னும் ஒரு கம்பெனி பிடிவாதமாகப் பிடித்துவைத்தது அதைத்தான்.

இந்தியாவுக்கும் இந்த வரிசையில் இடம் உண்டு. கதவு வரை. ஏ320இன் முன்பக்கப் பயணிகள் கதவைப் பொதுத்துறை நிறுவனமான ஹெச்ஏஎல் 1980களின் இறுதியிலிருந்து செய்துவருகிறது. ஏ320 நியோவின் சரக்குக் கதவுகளுக்கான ஒப்பந்தம் 2023இல் டாடாவுக்குக் கிடைத்தது, ஏ220இன் கதவுகள் 2024இல் பெங்களூரின் டைனமாட்டிக் டெக்னாலஜீஸுக்கு. அதே 2024 அக்டோபரில் வதோதராவில் சி295 ராணுவப் போக்குவரத்து விமானத்துக்கான கூட்டுத் தளத்தை இந்திய, ஸ்பெயின் பிரதமர்கள் திறந்துவைத்தார்கள். 56 விமானங்களில் 40 அங்கே தயாராகும். நல்ல வேலைகள்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் இண்டிகோ 2023 ஜூனில் ஒரே மூச்சில் 500 ஏ320க்கு ஆர்டர் கொடுத்தது. ஏர் இந்தியா அதே ஆண்டு ஏர்பஸ்ஸுக்கும் போயிங்குக்குமாக 470. இத்தனை பெரிய வாடிக்கையாளன் மூன்றரை பத்தாண்டாகக் கதவோடு நிற்பது குறைவான பேரம் என்பது என் கருத்து.

இன்னொரு தொழிற்சாலை அறிவிப்பு வரும், படங்கள் வரும், தலைப்புச் செய்தி வரும். வரும்போது எத்தனை ஏக்கர், எத்தனை கோடி என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். வடிவமைப்பு எந்த நாட்டின் பொறுப்பு, அதில் திருத்தம் செய்யும் உரிமை யாரிடம் என்ற இரண்டு கேள்விகளை உங்கள் எம்.பி.யிடம் கேளுங்கள்.